ரைட் சகோதரர்களுக்கு முன்பே யாராவது விமானத்தில் பறந்தார்களா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதன் சாரம் இதுதான்: 1903-ல் ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தார்கள் என்று பள்ளியில் படித்தோம். ஆனால் பிரான்சில் ஆதேர், அமெரிக்காவிலேயே வைட்ஹெட், நியூசிலாந்தில் பியர்ஸ், மும்பையில் தல்படே என்று பலர் அதற்கு முன்பே பறந்துவிட்டதாக வீடியோக்களில் சொல்கிறார்கள். பிரேசில்காரர்கள் சாந்தோஸ் துமோன்தான் முதல்வர் என்கிறார்கள். பலமான எதிர்க்காற்றும், விசையோடு தள்ளிவிடும் ஏவுகோபுரமும் இல்லாமல் ரைட் விமானம் எழும்பியே இருக்காது என்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் ரைட் குடும்பத்தோடு போட்ட ஒப்பந்தம்தான் வைட்ஹெட்டை மறைக்கிறது என்றும் சொல்கிறார்கள். இதில் எது உண்மை?

இதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இன்ஜின் பூட்டிய வண்டியில் ஏறித் தரையை விட்டு முதலில் எழும்பியவர் யார் என்பது ஒன்று. ஏறிய மனிதர் நினைத்த பக்கம் திருப்பி, விரும்பும் வரை மேலே இருந்து, முழுசாக இறங்கும்படியான விமானத்தை முதலில் செய்தவர் யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ரைட் சகோதரர்கள் பதில் இல்லை. இரண்டாவதற்கு அவர்களைத் தவிர வேறு பதில் இல்லை. நான் ஏரோநாட்டிகல் படித்தவன். விமானத்தின் நிலைத்தன்மையும் கட்டுப்பாடும் என்ற பாடத்தைப் பல வருடங்களாகக் கல்லூரியில் நடத்தி வருகிறேன். வரலாற்று ஆய்வாளன் இல்லை. தேதிகளையும் சாட்சியங்களையும் ஆவணங்களைத் தோண்டிப் பார்த்தவர்கள் எழுதியதிலிருந்துதான் எடுத்துச் சொல்கிறேன். ஒரு வண்டி பறக்குமா, பறந்தால் திரும்புமா என்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் என் தொழில் கைகொடுக்கும்.

தரையை விட்டு எழும்பியவர்களில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் பெயர் கிளெமென் ஆதேர். 1890 அக்டோபர் 9 அன்று, பாரிசுக்கு அருகே ஆர்மன்வில்லியே என்ற இடத்தில், வௌவாலின் இறக்கையைப் பார்த்துச் செய்த ‘ஏயோல்’ என்ற அவருடைய வண்டி, நீராவி இன்ஜின் பலத்தில் சுமார் 50 மீட்டர் தரையைத் தொடாமல் போனது. உயரம் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். இதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். ஆதேர் பிற்காலத்தில் சொன்னதுதான் சிக்கல். 1897 அக்டோபரில் சத்தோரி ராணுவ மைதானத்தில், அதிகாரிகள் முன்னிலையில், ‘அவியோன் 3’ என்ற அடுத்த வண்டியை ஓட்டிக் காட்டினார். ஓடும்போது சக்கரத்தின் மேல் இருந்த பாரம் குறைந்ததும், காற்று தள்ளியதில் வண்டி தடத்தை விட்டு விலகிச் சேதமானதும் உண்மை. 1906-ல், மற்றவர்கள் ஐரோப்பாவில் பறக்கத் தொடங்கிய பிறகு, அன்றைக்கே 300 மீட்டர் பறந்துவிட்டேன் என்றார் ஆதேர். ராணுவக் குழு அந்தச் சமயத்திலேயே எழுதி வைத்த அறிக்கை பின்னாளில் வெளியானபோது, அதில் வண்டி பறந்ததாக இல்லை. அதனால் 1890-ஐ அவருக்குக் கொடுக்கலாம், 1897-ஐக் கொடுக்க முடியாது.

இங்கிலாந்தில் ஹிராம் மாக்சிம் இன்னும் பெரிதாக முயன்றார். மெஷின் கன் செய்து பணம் பார்த்தவர். 1894 ஜூலை 31 அன்று கென்ட் மாவட்டத்தில் அவர் ஓட்டிய வண்டியின் எடை மூன்றரை டன். ஒவ்வொன்றும் 180 குதிரைத்திறன் கொண்ட இரண்டு நீராவி இன்ஜின்கள். மேலே போகாமல் தடுக்க, கீழே ஒரு தண்டவாளமும் மேலே ஒரு காவல் தண்டவாளமும் போட்டிருந்தார். வண்டிக்குக் கிடைத்த தூக்குவிசையில் காவல் தண்டவாளமே உடைந்துவிட்டது. மாக்சிம் நீராவியை நிறுத்தினார், கதை அங்கே முடிந்தது.

ஆக, 1894-லேயே தூக்கும் பலம் மனிதன் கையில் இருந்தது. இதை மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் விமானம் என்றாலே இன்ஜின்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. மாக்சிமின் வண்டி கட்டுப்பாடு இல்லாமல் நிஜமாகவே விடுபட்டு மேலே போயிருந்தால் அவர் உயிரோடு இறங்கியிருக்க மாட்டார்.

எதிர்த் திசையிலிருந்து வந்தவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால். இன்ஜினை ஒதுக்கி வைத்துவிட்டு, 1891 முதல் ஐந்து வருடங்களில் சுமார் 2000 தடவை கிளைடரில் குன்றிலிருந்து பறந்தார். இறக்கையின் வளைவு ஏன் வேண்டும், எவ்வளவு தூக்கும் என்று அளந்து அட்டவணை போட்டவர். ஆனால் அவருடைய கிளைடரைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது: உடம்பை ஆட்டி எடையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றுவது. 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்றில் கிளைடர் மூக்கைத் தூக்கி நின்று விழுந்தது, மறுநாள் இறந்துபோனார். அந்தச் செய்திதான் ஒஹாயோவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய வில்பர், ஆர்வில் சகோதரர்களை இந்த விஷயத்தில் தீவிரமாக இறக்கியது.

1901 செப்டம்பரில் சிகாகோவில் பொறியாளர்கள் முன்னால் பேசிய வில்பர், பறப்பதில் மூன்று பிரச்சினைகள் உண்டு என்றார்: தாங்கும் இறக்கை, தள்ளும் இன்ஜின், காற்றில் ஏறிய பிறகு சமநிலையும் திசையும் காப்பது. முதல் இரண்டும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன, மூன்றாவதுதான் பாக்கி என்பது அவர் கணிப்பு. முதல் இரண்டும் அவர் நினைத்த அளவுக்குத் தீரவில்லை என்பது பின்னால் தெரிந்தது, ஆனால் எதை முதலில் பிடிக்க வேண்டும் என்பதில் அவர் தவறவில்லை. அன்று பலரும் விமானத்தைக் கப்பலைப் போலத் தட்டையாகத் திருப்ப நினைத்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவனுக்குத் தெரியும், சாயாமல் திரும்ப முடியாது. விமானமும் சாய்ந்துதான் திரும்ப வேண்டும், அந்தச் சாய்வு பைலட்டின் கையில் இருக்க வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தார்கள். 1899-ல் கடையில் சைக்கிள் டியூப் வைக்கும் நீள அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்த வில்பருக்கு வழி கிடைத்தது. பெட்டியின் ஒரு முனை மேலேயும் மறுமுனை கீழேயும் திரும்புகிறது. இரட்டை இறக்கையைக் கம்பி கட்டி இப்படியே முறுக்கினால் ஒரு பக்கம் அதிகத் தூக்குவிசை, மறுபக்கம் குறைவு. அந்த வருடமே ஐந்தடிக் காற்றாடி (பட்டம்) செய்து, அது வேலை செய்கிறது என்று பார்த்துக்கொண்டார்.

1900-லும் 1901-லும் வட கரோலினாவின் கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேட்டில் கிளைடர் விட்டபோது, கணக்குப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசைதான் கிடைத்தது. இந்த இடத்தில் அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு சைக்கிள் கடையின் மாடியில் ஆறடி நீளமுள்ள மரப்பெட்டியைக் காற்றுச் சுரங்கமாக்கினார்கள். கடையில் மின்சாரம் இல்லாததால், பட்டறை இயந்திரங்களை ஓட்டிய கேஸ் இன்ஜினே விசிறியையும் சுற்றியது. உள்ளே தூக்குவிசையை அளக்கும் தராசு. பழைய ஹாக்ஸா பிளேடையும் சைக்கிள் ஸ்போக் கம்பியையும் வளைத்துச் செய்தது. தகர வெட்டியால் எஃகுத் தகட்டை வெட்டி, விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன இறக்கைகள் செய்து, ஏறக்குறைய 200 வடிவங்களைச் சோதித்தார்கள். அந்தத் தராசின் அமைப்பு கெட்டிக்காரத்தனமானது. காற்றின் வேகம் என்ன என்று தெரியாமலே, ஒரு இறக்கையின் தூக்குவிசையை, காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் தட்டையான தகட்டின் மீது படும் அழுத்தத்தோடு நேரடியாக ஒப்பிடும். பெட்டிக்குள் காற்று கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இரண்டையும் சேர்த்தே பாதிக்கும், விகிதம் மாறாது. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் இதன் அருமையை உடனே புரிந்துகொள்வார்கள். தவறு எங்கே என்பதும் தெரிந்தது: ஸ்மீட்டன் என்பவர் பெயரால் நூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் பயன்படுத்திய காற்றழுத்த எண் 0.005; இவர்கள் கண்டது 0.0033. லிலியந்தாலின் அட்டவணை பெரிய அளவில் சரிதான், அதோடு பெருக்கிய எண்தான் தப்பு.

1902 கிளைடர் இந்த அளவுகளை வைத்துச் செய்தது, நன்றாக மிதந்தது. ஆனால் திரும்பும்போது திடீரென்று ஒரு இறக்கை தாழ்ந்து, அந்தப் பக்கமாகவே சுழன்று மணலில் குத்தியது. ‘கிணறு தோண்டுதல்’ என்று அதற்கு அவர்களே பெயர் வைத்தார்கள். இன்று பைலட் பயிற்சிக்குப் போகிற எல்லோரும் படிக்கிற விஷயம் இது, அன்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இடது பக்கம் சாய வேண்டும் என்று வலது இறக்கையின் கோணத்தைக் கூட்டுகிறீர்கள். அது தூக்குகிறது, கூடவே காற்றின் இழுவையையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் வலது இறக்கை பின்தங்கி, மூக்கு நீங்கள் விரும்பியதற்கு எதிராக வலப்பக்கம் போகிறது. இதைத் தடுக்கத்தான் பின்னால் அசையாத இரட்டை வால் வைத்திருந்தார்கள். ஆனால் கிளைடர் சாய்ந்து பக்கவாட்டில் சறுக்கும்போது காற்று அந்த வாலின் மேல் அடித்து, தாழ்ந்த இறக்கையின் பக்கமாகவே கிளைடரைச் சுழற்றிவிட்டது. நோயும் இருந்தது, மருந்தே இன்னொரு நோயையும் கொடுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்த ஆர்விலுக்கு, வாலை அசையும்படி செய்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் காலை சொன்னதும், அதை இறக்கை முறுக்கும் கம்பியோடேயே கட்டிவிடலாம் என்றார் வில்பர். பைலட் குப்புறப் படுத்து, இடுப்பை ஒரு தொட்டிலில் வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினால் இறக்கையும் வாலும் சேர்ந்து வேலை செய்யும். மூக்கை ஏற்றி இறக்க முன்னால் எலிவேட்டர், அதற்குக் கையில் ஒரு தடி. மூன்று அச்சிலும் கட்டுப்பாடு என்று நாங்கள் சொல்வது 1902 அக்டோபரில், இன்ஜினே இல்லாத ஒரு கிளைடரில் பிறந்தது. 1903 மார்ச்சில் அவர்கள் விண்ணப்பித்து, 1906 மே 22 அன்று கிடைத்த காப்புரிமையும் இந்தக் கட்டுப்பாட்டு முறைக்குத்தான்.

இன்ஜின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார் இன்ஜின் செய்தவர்கள் யாரும் வேண்டிய எடையில் செய்து தரவில்லை. கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் நாலு சிலிண்டர் இன்ஜினைச் செய்து முடித்தார். அலுமினிய வார்ப்பு, சுமார் 12 குதிரைத்திறன். அன்றைய அளவுக்குக்கூட அது சிறந்த இன்ஜின் இல்லை. சிறந்தது புரொப்பெல்லர். கப்பல் புரொப்பெல்லர் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் கணக்கு கிடைக்கும் என்று நினைத்துப் போனவர்கள், அங்கே எல்லாம் அனுபவத்தில் செய்தது, கணக்கு ஒன்றும் இல்லை என்று கண்டார்கள். சுற்றிக்கொண்டே முன்னேறும் இறக்கைதான் புரொப்பெல்லர் என்று எடுத்துக்கொண்டு, காற்றுச் சுரங்கத்தில் அளந்த எண்களையே அதற்கும் போட்டு, எட்டரை அடி மரத்தைக் கையால் செதுக்கினார்கள். அதே மாதிரி செய்த புரொப்பெல்லர்களை நம் காலத்தில் சோதித்தபோது 75 சதவீதத்துக்கு மேல் திறன் காட்டின. 12 குதிரைத்திறனில் ஒரு மனிதனைத் தூக்க முடிந்ததற்கு இதுதான் காரணம்.

சரி, 1903 டிசம்பருக்கு வருவோம். 14-ம் தேதி வில்பர் சரிவில் வைத்து முயன்றார். மூக்கை அதிகமாகத் தூக்கியதில் மூன்றரை வினாடியில் இறங்கிச் சேதமானது. அதை அவர்களே பறத்தலாகக் கணக்கில் வைக்கவில்லை. 17-ம் தேதி, சமதரையில், 60 அடி மரத் தண்டவாளத்தின் மேல் ஓடவிட்டு, காலை 10:35 மணிக்கு ஆர்வில் எழும்பினார். 12 வினாடி, 120 அடி. அன்று மொத்தம் நாலு தடவை. கடைசியில் வில்பர் 59 வினாடியில் 852 அடி போனார். பக்கத்தில் இருந்த கடலோர மீட்பு நிலையத்தைச் சேர்ந்த மூன்று பேரும், இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள். முதல் பறத்தலின் புகைப்படத்தை எடுத்தவரும் அந்த மீட்பு நிலையத்து ஆள்தான், ஜான் டேனியல்ஸ்.

ஏவுகோபுரம் பற்றிய குற்றச்சாட்டு இந்த நாளுக்குப் பொருந்தாது. உயரத்திலிருந்து பாரத்தை விழவிட்டு இழுக்கும் அந்தக் கோபுரத்தை அவர்கள் 1904 செப்டம்பரில்தான், காற்று குறைவான டேட்டனில், பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1903-ல் இருந்தது வெறும் தண்டவாளம். தள்ளியது சொந்த இன்ஜின். எதிர்க்காற்று இருந்தது உண்மை, மணிக்கு சுமார் 39 கிலோமீட்டர். ஆனால் எதிர்க்காற்று தனியாக விமானத்தைத் தாங்குவதில்லை. அது எழும்பத் தேவையான தரை வேகத்தை மட்டும்தான் குறைக்கிறது. ஆர்விலே பிறகு கணக்கிட்டதுபோல், காற்றில்லாத நாளில் அந்த 12 வினாடிப் பறத்தல் 540 அடி போயிருக்கும். இன்றைக்கும் எந்த விமானமும் எதிர்க்காற்றைப் பார்த்துத்தான் ஏறுகிறது, யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. இறங்கிய இடம் ஏறிய இடத்தை விடத் தாழ்வாக இல்லை என்பதையும் அவர்கள் கவனமாகக் குறித்து வைத்தார்கள்; சரிவில் சறுக்கியதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

அதே சமயம், 1903-ன் விமானத்தை நல்ல விமானம் என்று நான் சொல்ல மாட்டேன். முன்னால் எலிவேட்டர், பின்பக்கமாக இருந்த எடைமையம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மூக்கின் ஏற்ற இறக்கத்தில் அது நிலையில்லாத வண்டி. துடைப்பக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி வைப்பது போல, பைலட் ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாலு பறத்தலும் ஏறி இறங்கி அலை அலையாகத்தான் இருந்தன, நாலாவது முடிவில் எலிவேட்டரின் சட்டமும் உடைந்தது. நூறாவது ஆண்டு விழாவில், 2003 டிசம்பர் 17 அன்று, அச்சு அசலாகச் செய்த நகலைக் கொண்டுவந்து ஓட்டியபோது, மழையும் போதாத காற்றுமாக இருந்ததால் அது எழும்பவே இல்லை. அவ்வளவு நூலிழை வித்தியாசத்தில்தான் அன்று எழும்பினார்கள்.

அதனால் என்னைக் கேட்டால், நாள் குறிக்க வேண்டியது 1905 அக்டோபர் 5. டேட்டனுக்கு வெளியே ஹஃப்மன் புல்வெளி என்ற மாட்டு மேய்ச்சல் நிலத்தில் இரண்டு வருடம் உழைத்தார்கள். 1904 செப்டம்பர் 20 அன்று முதல் முழு வட்டம். அதை நேரில் பார்த்து 1905 ஜனவரியில் எழுதியவர், தேனீ வளர்ப்புப் பத்திரிகை நடத்திய ஏமஸ் ரூட். 1905 கோடையில் ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு எலிவேட்டரைப் பெரிதாக்கி இன்னும் முன்னால் தள்ளினார்கள். வாலை இறக்கை முறுக்குவதிலிருந்து பிரித்துத் தனிக் கட்டுப்பாடு கொடுத்தார்கள். குறுகலாகத் திரும்பும்போது தாழ்ந்த இறக்கை தூக்குவிசையை இழந்துவிடுகிறது, அப்போது மூக்கைக் கீழே விட வேண்டும் என்பதையும் பறந்துதான் கற்றார்கள். அக்டோபர் 5 அன்று வில்பர் 39 நிமிடம், 24 மைல், அந்தப் புல்வெளியையே சுற்றிச் சுற்றிப் பறந்து, பெட்ரோல் தீர்ந்த பிறகு இறங்கினார். அந்தத் தேதியில் இந்தச் சகோதரர்களைத் தவிர உலகத்தில் வேறு எவரும் ஒரு நிமிடம்கூட விமானத்தில் மேலே இருந்ததில்லை.

இனி மற்றவர்கள். சாமுவேல் லாங்லி ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர், மதிக்க வேண்டிய விஞ்ஞானி. 1896 மே 6 அன்று ஆளில்லாத அவருடைய நீராவி மாதிரி, பொட்டோமாக் ஆற்றின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பறந்தது. இதில் சந்தேகமே இல்லை. பிறகு அமெரிக்க ராணுவம் 50,000 டாலர் கொடுத்தது. 52 குதிரைத்திறன் கொண்ட அருமையான இன்ஜின், ஆள் ஏறும் பெரிய விமானம், படகு வீட்டின் கூரையிலிருந்து ஏவுகருவி. 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 இரண்டு நாளும் நேராக ஆற்றில் விழுந்தது. பக்கவாட்டுச் சாய்வைப் பைலட் சரிசெய்ய அதில் வழியே கிடையாது. மேலே போயிருந்தாலும் நான் அதன் மேல் நம்பிக்கை வைத்திருக்க மாட்டேன். உடைந்த புரொப்பெல்லர் தண்டுக்குப் பதில் புதியதை எடுத்துக்கொண்டு டேட்டனிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த ஆர்வில், வழியில் இந்தத் தோல்விச் செய்தியைப் படித்தார். ஆறு நாளில் அவர்களுடைய முறை வந்தது.

வைட்ஹெட் விஷயம் வேறு மாதிரி. 1901 ஆகஸ்ட் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தில் அரை மைல் பறந்தார் என்று அந்த ஊர் வாரப் பத்திரிகை ஒன்று எழுதியது. 2013-ல் விமானத் துறையின் புகழ்பெற்ற ஆண்டு நூலான ஜேன்ஸின் ஆசிரியர் இதை ஏற்று முன்னுரையில் எழுதியதால் மறுபடி பேச்சு கிளம்பியது. ஆனால் பறந்ததைக் காட்டும் புகைப்படம் கிடையாது. பத்திரிகைச் செய்தியில் சாட்சியாகப் பெயர் வந்தவர்களில் ஜேம்ஸ் டிக்கி, நான் அங்கே இல்லவே இல்லை என்று பிற்காலத்தில் சத்தியப் பிரமாணம் கொடுத்தார். பறந்ததாக ஆதரவாகச் சொன்னவர்களும் முப்பது வருடம் கழித்துத்தான் சொன்னார்கள். எனக்கு இதை எல்லாம் விடப் பெரிய தடை ஒன்று உண்டு. 1902-ல் ஏழு மைல் வட்டமாகப் பறந்தேன் என்று எழுதியவர், பிறகு செய்த எந்த வண்டியிலும் பறந்து காட்டவில்லை. ரைட் சகோதரர்களிடம் ஒவ்வொரு படிக்கும் முன் படி இருக்கிறது. கடிதம், நாட்குறிப்பு, அளவு, தோல்வி எல்லாம் வரிசையாக. இவரிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஸ்மித்சோனியன் ஒப்பந்தத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆமாம், அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறது: ரைட்டுக்கு முன்னால் வேறு விமானம் பறந்தது என்று அந்த நிறுவனம் அறிவித்தால், 1903 விமானத்தை வாரிசுகள் திரும்பப் பெறலாம். ஒரு அருங்காட்சியகம் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த ஷரத்து வைட்ஹெட்டை மறைக்க வந்ததில்லை. 1914-ல் காப்புரிமை வழக்கில் ரைட்டுக்கு எதிராக நின்ற கர்டிஸ், லாங்லியின் விமானத்தைப் பல இடங்களில் மாற்றிப் பறக்கவிட்டார். மாற்றியதை மறைத்து, பறக்கும் திறன் கொண்ட முதல் விமானம் லாங்லியுடையதுதான் என்று ஸ்மித்சோனியன் பலகை வைத்தது. கோபத்தில் ஆர்வில் 1928-ல் தன் விமானத்தை லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். ஸ்மித்சோனியன் 1942-ல்தான் தவறை ஒப்புக்கொண்டது. 1948-ல் ஆர்வில் இறந்த பிறகு விமானம் திரும்பி வந்தபோது, மறுபடி அப்படி நடக்காமல் இருக்கப் போட்ட ஷரத்து அது.

பியர்ஸைப் பற்றிச் சர்ச்சையே தேவையில்லை. நியூசிலாந்து விவசாயி, தனி ஆளாக மூங்கிலிலும் துணியிலும் காலத்துக்கு முந்திய வடிவம் செய்தவர். 1903 மார்ச்சில் அவர் பறந்தார் என்று சொல்பவர்கள் பின்னால் வந்தவர்கள். அவரே பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் முதல் பெருமையை ரைட் சகோதரர்களுக்கே கொடுத்திருக்கிறார். 1895-ல் மும்பை சௌபாத்தியில் தல்படே ஆளில்லாத விமானம் விட்டார் என்ற கதைக்கு, படம், அளவு, இன்ஜின் பாகம் என்று சோதித்துப் பார்க்க ஒன்றுமே நம் கையில் இல்லை. இதோடு சேர்த்து, பழங்கால விமான நூல் என்று சொல்லப்படும் வைமானிக சாஸ்திரத்தை 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் வரி வரியாகப் படித்து, நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதிலுள்ள விமானங்கள் பறக்காது என்று முடிவு சொன்னார்கள். அவர்கள் போட்ட கணக்கு விமானவியல் படித்த எவரும் சரிபார்க்கக்கூடியது.

சாந்தோஸ் துமோன் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாதவர், ஏனென்றால் அவர் பறந்ததில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 1906 அக்டோபர் 23 அன்று பாரிஸ் பகத்தேல் மைதானத்தில் ‘14-பிஸ்’ விமானத்தில் 60 மீட்டர். நவம்பர் 12 அன்று 220 மீட்டர், 21 வினாடிக்கு மேல். சக்கரத்தில் ஓடி, கூட்டத்தின் முன்னால், விமானக் கழகத்தின் அதிகாரிகள் அளக்க எழும்பினார். ஐரோப்பா பார்த்த முதல் பறத்தல் அது. பிறகு தன் சின்ன விமானமான ‘தெமுவாசெல்’லின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று இலவசமாகக் கொடுத்தார், ரைட் சகோதரர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய மனசு! பிரேசில்காரர்கள் அவரைக் கொண்டாடுவது நியாயம். 1905 அக்டோபர் 5 அவருக்கு ஒரு வருடம் முந்தியது என்பதை மட்டும் மாற்ற முடியாது.

அந்த ஒரு வருட முந்துதலை ஐரோப்பா நம்பாததற்கு ரைட் சகோதரர்களும் காரணம். காப்புரிமைக்காகவும் விற்பனைக்காகவும் 1905 அக்டோபருக்குப் பிறகு 1908 மே வரை அவர்கள் பறக்கவே இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவர்களைப் பொய்யர்கள் என்று எழுதின. இதற்கிடையே 1908 ஜனவரி 13 அன்று ஆன்றி ஃபர்மான் ஒரு கிலோமீட்டர் சுற்றி வந்து 50,000 பிராங்க் பரிசு வாங்கினார். இறக்கையைச் சாய்க்க வழியில்லாமல், ரடரை (திசை திருப்பும் அசையும் வாலை) மட்டும் வைத்து, அகலமாக இழுத்துக்கொண்டு திரும்பிய வட்டம் அது. ஏழு மாதம் கழித்து, ஆகஸ்ட் 8 அன்று, லெ மான் நகருக்கு அருகே குதிரைப் பந்தய மைதானத்தில் வில்பர் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் பறந்தார். ஆனால் இறக்கையைச் சாய்த்துச் சுருக்கமாகத் திரும்பி, அதே வேகத்தில் நேராக்கி, மென்மையாக இறங்கினார். அடுத்த சில நாளில் எட்டுப் போட்டுக் காட்டினார். அங்கே நின்ற பிரெஞ்சு விமானிகள் தாங்கள் பின்தங்கிவிட்டதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்கள்.

இறக்கை முறுக்குவதற்குப் பதில் ஓரத்தில் தனி மடிப்பு வைக்கும் எய்லரான் எண்ணம் ரைட்டுடையது இல்லை. இங்கிலாந்தில் போல்டன் என்பவர் 1868-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் அது எதற்குத் தேவை என்று காட்ட லெ மான் வேண்டியிருந்தது. ஃபர்மான் அந்த இலையுதிர் காலத்திலேயே தன் விமானத்தில் எய்லரான் பொருத்தினார். லெ மானில் பார்த்தவர்களில் பிளேரியோவும் ஒருவர். அதுவரை இறக்கை நுனிகளை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், அடுத்துச் செய்த ‘பிளேரியோ 11’ விமானத்தில் ரைட் முறைப்படி இறக்கையையே முறுக்கும் கம்பிகளைக் கட்டினார். 1909 ஜூலை 25 அன்று அவர் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தது அந்த விமானத்தில்தான்.